சாய்ந்து பார்த்த சுவர்

என் பயங்களுக்கு எங்கள் வீட்டில் பெரிய மரியாதை எதுவும் இருந்ததில்லை. கொதிக்கும் கஞ்சி, மூடாத தண்ணீர்த் தொட்டி, ஓடும் மின்சார ரயிலின் வாசலில் தொங்கும் பிள்ளைகள் என்று நாள் முழுவதும் பயப்பட எனக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். என் கணவர் சிரிப்பார். "நீ பயப்படாம இருக்கிற அன்னைக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்பார்.

எண்பதுகள் முழுவதும் ஆவடியில் இருந்தோம். அவர் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில், முதல் மாடியில் எங்கள் வீடு. எல்லா வீட்டுக் கதவும் ஒரே பச்சை, எல்லா ஜன்னலிலும் ஒரே கம்பி. மாடிப்படிக்குக் கைப்பிடி இருந்தது. மொட்டை மாடியைச் சுற்றி என் மார்பளவுக்குச் சுவர் இருந்தது. என் மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள். துணி உலர்த்தும்போது அவளைக் கீழே இறக்கி விட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எனக்கு முன்பே யாரோ ஒருவர் எனக்காகப் பயப்பட்டு முடித்து, அந்தச் சுவரை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரட்டூரில், ஏரிக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினோம். நான் ஆவடிப் பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்ததால் தினமும் ரயிலில் போய்வருவேன். மாலையில் ஸ்டேஷனில் இறங்கி நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு நடப்பேன். கான்கிரீட் கூரை போட்டு முடித்த அன்று மேஸ்திரி என்னை மேலே கூட்டிப்போனார். சுற்றிலும் தெரிந்த வீடுகளை அன்றுதான் மேலிருந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லா மாடியும் ஒன்றுபோல இருந்தது. நான்கு மூலையிலும் தூண்களின் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் சுவர் இல்லை. மழைத் தண்ணீர் சுவரில் வழியாமலிருக்க ஒரே ஒரு வரிசைச் செங்கல், அவ்வளவுதான்.

"கைப்பிடிச் சுவர் எப்போ கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார். "இன்னாம்மா, நாளைக்கு மேல ஊடு எடுக்கப் போறீங்க. இப்போ செவுரு கட்டினா அப்போ இடிக்கணும். கட்டிட்டு இடிக்கிறதுக்கு ஒரு ஆளா?"

"நாளைக்குன்னா எப்போ?"

"அது சார் கையில கீது."

அது யார் கையிலும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் வீடு கட்டிய யாருமே ஒரு வீட்டைக் கட்டி முடித்ததாக நினைப்பதில்லை. கீழே குடியேறிய நாளிலிருந்தே மேல்வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும், பையன் வேலைக்குப் போனதும், ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணத்தில். வராத அந்த மேல்வீட்டுக்காக எல்லா மாடியும் ஓரமில்லாமல் காத்திருந்தது. அந்த மாடியில்தான் வடாம் காய வைத்தார்கள், பிள்ளைகள் பட்டம் விட்டார்கள், வெயில் காலத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். நாங்கள் குடிவருவதற்கு முந்தின வருஷம் பின்தெருவில் ஒருவர் தூக்கத்தில் புரண்டு விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போதும், குடித்திருப்பார் என்றுதான் சொன்னார்கள். சுவர் இல்லாததைப் பற்றி யாரும் பேசவில்லை.

குடியேறிய பிறகு என் மகளுக்கு நான் போட்ட முதல் சட்டம், தனியாக மாடிக்குப் போகக்கூடாது என்பது. அப்போது அவள் ஏழாம் வகுப்பு. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டுச் சந்தில் இருந்தது. அதன் கீழ்ப்படியில் ஒரு பழைய நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்தேன். அவள் அதைத் தாண்டமாட்டாள். சொன்னதைக் கேட்கிற பெண். என் கணவர்தான் தினமும் அந்த நாற்காலியில் இடித்துக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் புதிய விதிகளைப் பற்றிய பேச்சு வந்தது. பட்டணத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்குமான கட்டட விதிகளைத் திருத்துகிறார்கள், நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்திருக்கும் அளவுகளையே இனி இங்கும் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடைவெளி, படிக்கட்டுக்குக் கைப்பிடி, மாடிக்கு இடுப்புக்கு மேல் உயரமுள்ள சுவர். கட்டி முடித்த வீட்டை வந்து பார்த்து, எல்லாம் சரி என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டால்தான் குடிநீர்க் குழாய் இணைப்பு. எங்களுக்கு இன்னும் இணைப்பு வரவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

எதிர் வீட்டு அக்கா எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் இருந்தவர். எங்கள் மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர் மாமனார் நெல் விளைவித்த நிலம். அவர் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னார்:

"டில்லியில குளுரு டீச்சரம்மா. காத்து அடிக்காம இருக்க அவன் செவுரு கட்டிக்கினு கீறான். நம்மளையும் கட்டச் சொல்றான். நமக்கு இன்னாத்துக்கு? நாமளே காத்துக்குத்தான மாடிக்குப் போறோம்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் எனக்குள் ஒரு இனம்புரியாத ஆறுதல் இருந்தது. எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு குழந்தை மாடியின் ஓரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்கள். நான் வீட்டில் சொன்னால் கேலிக்குரியதாக இருந்த அதே பயம், அவர்கள் எழுதியபோது விதியாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது தெரு முனையிலேயே பார்த்துவிட்டேன். எங்கள் மாடியைச் சுற்றிச் சுவர். வெள்ளையடித்து, ஈரம் காயாமல், சாயங்கால வெயிலில் பளிச்சென்று நின்றது. கைப்பையை வாசலில் போட்டுவிட்டு அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டது என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. என் கணவரிடம், "எனக்காகத்தானே கட்டினீங்க?" என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். கூச்சம் என்று நினைத்தேன். அன்றே படிக்கட்டிலிருந்த நாற்காலியை எடுத்துவிட்டேன்.

அந்தச் சுவரில் சிமென்ட் கலவை இல்லை. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செங்கல்லைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் களிமண் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் பிரித்து, அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போய் விடுவார்கள். அதே சில லோடு செங்கல்தான் தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் வாங்குவதுபோல, ஆய்வுக்குச் சுவர் இரவல் வாங்கினார்கள். விதிக்கும் மரியாதை கொடுத்தாயிற்று, வரப்போகும் மேல்வீட்டுக்கும் இடையூறு இல்லை.

ஆய்வாளர் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. சுவர் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்கு அன்று தொழிற்சாலையில் கூடுதல் வேலை. மாலைப் படம் பார்க்க எதிர் வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வீட்டில் டி.வி. இருந்தது, ஆனால் பிள்ளைகள் பார்க்க விடமாட்டார்களாம். எங்கள் தெருவில் ஏரிக்காற்று அடித்தால் ஆன்டெனாவெல்லாம் திசை மாறிவிடும். கிழக்கே பட்டணத்து டவரைப் பார்க்க வேண்டிய ஆன்டெனா வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கும். படத்தில் ஆட்கள் இரண்டிரண்டாகத் தெரிவார்கள். எங்கள் ஆன்டெனாக் குழாயை மூலைத் தூணின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். எல்லா வீட்டிலும் அங்கேதான் கட்டுவார்கள்.

வழக்கமாக நான் போய்த் திருப்புவேன். அன்று என் மகளிடம், "நீ போய்த் திருப்பிட்டு வாடி" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு, நான் மனம் மாறுவதற்குள் ஓடினாள்.

நான் சந்தில் நின்றேன். உள்ளே டி.வி. முன்னால் அக்கா.

"தெரியுதா?" மேலிருந்து மகள்.

"தெரியுதாக்கா?" நான்.

"கோடு கோடா கீது. ஈரோ மூஞ்சி வாய்க்கா மாதிரி ஓடுது."

"இன்னும் கொஞ்சம் திருப்பு."

"இப்போ?"

"ஆங், வந்துச்சு வந்துச்சு. ஐயே, பூட்ச்சு. மறுக்கா திருப்பச் சொல்லு."

அக்கா அடுத்துச் சொன்னது காதில் விழவில்லை. என்னவென்று கேட்கச் சந்துப் பக்கமிருந்த சமையலறை வாசலுக்குள் ஒரு எட்டு வைத்தேன். எனக்குப் பின்னால், நான் நின்றிருந்த இடத்தில், செங்கல் கொட்டியது.

ஆன்டெனாவைத் திருப்புகிறவர்கள் யாரும் கால் இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து ஆன்டெனாவைத்தான் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான், ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிய உடம்பைப் பின்னால் சாய்த்திருக்கிறாள். சுவர்தான் இருக்கிறதே.

நான் படியேறியது எனக்கு நினைவில்லை. மேலே போனபோது அவள் மாடியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வெளியே தொங்கியது. ஒரு கை குழாயில் இருந்தது. குழாய் வளைந்து, தூணின் கம்பிகளில் சிக்கி, அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பின்னால் வானம் மட்டும்தான். நான் அவளை இடுப்போடு அணைத்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவளுடைய விரல்களைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். "சும்மா சாஞ்சேன். அதுவா இடிஞ்சிடுச்சும்மா."

சுவரை உடைத்ததற்குத் திட்டுவேன் என்று நினைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்தும் என்னால் கடந்துபோக முடியாதது அந்த வார்த்தைதான்.

கீழே அக்கா சந்துக்கு வந்து செங்கல்லைப் பார்த்தார். மேலே எங்களைப் பார்த்தார். ஒன்றைக் குனிந்து எடுத்துத் திருப்பினார். அதன் ஒரு பக்கத்தில் அவர் வீட்டுக்கு அடித்திருந்த நீல நிறம் ஒட்டியிருந்தது.

"அய்யோ டீச்சரம்மா, இது எங்க ஊட்டுக்கு வந்த செங்கல்லாச்சே" என்றவர், அப்படியே படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

வேலை முடிந்து வந்த என் கணவர் சைக்கிளை நிறுத்தாமல் கையில் பிடித்தபடியே வெகுநேரம் சந்தில் நின்றார். மகள் உள்ளே படுத்திருந்தாள். அவர் போய் அவள் காலடியில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். எந்தப் பதிலையும் காதில் வாங்கும் நிலையில் நான் இல்லை. அன்று இரவு அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்தார். செங்கல்லை மறுபடி அடுக்கிவிடலாம், ஒரு மணி நேர வேலை, ஆய்வாளர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அன்றுதான் வந்தார். கனத்த உடம்பு, மூச்சு வாங்க நடப்பவர். மாடியில் மூன்று பக்கம் சுவர் நின்றது. ஒரு பக்கம் பாதி இல்லை. என் கணவர் அவரிடம், "சார், அதுல கலவை கிடையாது. உங்களுக்குக் காட்டறதுக்காக அடுக்கினது. நேத்து என் பொண்ணு சாஞ்சா" என்றார்.

"பொண்ணு?" என்றார் ஆய்வாளர்.

"இருக்கா சார்."

ஆய்வாளர் அங்கேயே, வெயிலில், தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டுத் தெருவைச் சுற்றிப் பார்த்தார். ஆய்வுக்குக் காத்திருந்த வீடுகளில் வெள்ளை வெள்ளையாகச் சில சுவர்கள் தெரிந்தன.

"ஏன்யா மேஸ்திரி, இதுல எதுய்யா நிஜம்?"

மேஸ்திரி தயங்கினார். "கடேசி ஊடு நெசம் சார்."

"அது மட்டும் எப்படி?"

"அவரு போலீஸ்காரரு சார். பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆய்வாளர் எழுந்து, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கே இது புதுசும்மா. உயரம் பாருன்னு போட்டிருக்கு, பார்த்தோம். தள்ளிப் பாருன்னு போடல. கட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க. நானே வர்றேன்."

அவர் எங்களைத் தண்டிக்கவும் இல்லை, குத்திப் பேசவும் இல்லை. ஆனால் இறங்கிப் போனவர் நேராக எதிர் வீட்டுக்குள் நுழைந்தார். அடுத்த வீட்டுக்கும் போனார். அன்று மதியம் முழுவதும் எங்கள் தெருவில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

என் கணவருடைய நண்பர் ஒருவர் பின்னாளில் ஒரு வாதம் வைத்தார். "அந்த விதியே வராம இருந்திருந்தா பொய்ச் சுவரும் வந்திருக்காது, உங்க பொண்ணும் மேல போயிருக்க மாட்டா. இல்லையா?" என்றார். உண்மைதான். நான் நாற்காலியை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் எத்தனை வருஷம் ஒரு நாற்காலியை வைத்துக் காப்பாற்றியிருப்பேன்? அவளுக்குப் பிறகு தெருவில் எத்தனை பிள்ளைகள் நடக்கப் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் யார் நாற்காலி போட்டிருப்பார்கள்? அவருக்கு அன்று நான் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை. "காப்பி ஆறுது, குடிங்க" என்றுதான் சொன்னேன்.

புதுச் சுவரை மேஸ்திரியே கட்டினார். என் கணவர் வேலைக்கு விடுப்பு எடுத்துக் கூடவே நின்றார். காவலுக்கு என்று முதலில் நினைத்தேன்; இல்லை, அவர் கலவை சுமந்துகொண்டிருந்தார். மூலைத் தூண்களின் கம்பிகளையும் சேர்த்து இழுத்து, இடையிடையே சின்னத் தூண் கொடுத்து, நல்ல சிமென்டில் கட்டினார்கள். மேல்வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பூச்சு முடிந்த பிறகு காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதை என் கணவர் யாரிடமும் விடவில்லை. லாரித் தண்ணீரில் எங்களுக்குக் குளிக்க இருந்ததோ இல்லையோ, சுவர் குளித்தது.

ஆனால் மகள் மேலே வர மறுத்துவிட்டாள். நான் தடுத்தபோது போகத் துடித்த பெண், இப்போது கூப்பிட்டாலும் படிக்கட்டின் பக்கம் திரும்பவில்லை. பள்ளியில் மாடி வகுப்பில் ஜன்னலோர இடத்தை மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். என் பயம் அவளுக்குள் போய்விட்டது. அது எனக்குச் சுவர் இடிந்ததைவிடப் பெரிய பயமாக இருந்தது. பயத்தோடு வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன்.

சொன்னபடி ஆய்வாளர் வந்தார். அன்று அவள் வீட்டில் இருந்தாள். "பாப்பா, நீயும் வா. நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று கூப்பிட்டார். வெளியாள் கூப்பிட்டதால் மறுக்க முடியாமல் என் பின்னால் வந்து, மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆய்வாளர் நாடாவால் உயரம் அளந்தார். பிறகு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி நின்று, தன் கனத்த முதுகைச் சுவரில் சாய்த்தார். முதலில் மெதுவாக, பிறகு முழுப் பாரத்தையும் போட்டு. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் நான்கு பக்கமும் அப்படியே சாய்ந்து சாய்ந்து வந்தார். சட்டை முழுக்கப் புதிதாக அடித்த சுண்ணாம்பு. அந்த வாரத்திலிருந்து எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் அப்படித்தான் செய்தார் என்றும், அவர் வருகிறார் என்றால் மேஸ்திரிகள் "முதுகு வருது" என்று சொல்லிக்கொள்வார்கள் என்றும் எதிர் வீட்டு அக்கா பிறகு சொன்னார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் தினமும் கும்பிடும் சாமிகளோடு அந்தச் சுண்ணாம்புச் சட்டையும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

"வா பாப்பா" என்றார். அவள் அசையவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

என் கணவர் ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு நின்றுவிட்டார். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கும் புரிந்தது. வீட்டில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் நான். நான் நம்பினால்தான் அவள் நம்புவாள்.

ஆன்டெனா இருந்த மூலைக்குப் போனேன். கீழே சந்து இருக்கிறது, சிமென்ட் தரை இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரும்பி நின்றேன். முதுகைச் சுவரில் வைத்தேன். வெயிலில் சூடேறிய சுவர். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது, பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, என் பாரம் முழுவதையும் அதில் போட்டேன். சுவர் நின்றது.

அவள் கடைசிப் படியிலிருந்து இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஏறி வந்தாள். பாதி மாடியைச் சீக்கிரமாக நடந்தாள், மீதியை மெதுவாக. என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்தபடி, முதலில் ஒரு தோளை மட்டும் சாய்த்தாள். பிறகு மற்றதையும்.

"சூடா இருக்குமா" என்றாள்.

"ஆமாடி" என்றேன். ஆய்வாளர் திரும்பி நின்று, குழாய் இணைப்புக்கான ஒப்புதலை எழுதிக்கொண்டிருந்தார்.